பார்மட் அடிப்பதற்கு முன்

பழைய கணினியில் புதிய மென்பொருளைப் போட்ட பிறகு ஏதோ ஒன்று ஒழுங்காக ஓடவில்லை என்றால், கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே மருந்துதான் சொல்லப்படுகிறது: பார்மட் அடி. பிரிண்டர் அசையவில்லையா, தமிழ் எழுத்து சிதறுகிறதா, பள்ளியின் இணையத்தளம் திறக்க மறுக்கிறதா, எல்லாவற்றுக்கும் அதுதான். அதற்குப் பிறகும் சிக்கல் தீராவிட்டால் கணினிக்கு வயதாகிவிட்டது என்று சொல்லித் தூக்கிப் போட்டுவிடுகிறோம். இந்தப் பழக்கத்தால் நாம் இழப்பது அதிகம். தமிழில் எழுதிச் சேர்த்து வைத்திருப்பவர்கள் இழப்பது இன்னும் அதிகம்.

இப்போது இதைப் பேசக் காரணம் இருக்கிறது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது. முறைப்படி விண்டோஸ் 11க்கு மாற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சம் வேண்டும். இன்டெல் கணினி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலியாவது இருக்க வேண்டும். அந்தத் தலைமுறை 2017இன் பிற்பாதியில்தான் சந்தைக்கு வந்தது. சுங்கை வேயிலும் தேசா மெந்தாரி அடுக்குமாடிகளிலும் நம் வீடுகளில் நான் பார்க்கும் கணினிகளில் பல அதற்கு மூத்தவை. அலுவலகம் கழித்துவிட்டதை அப்பா கொண்டுவந்திருப்பார். பாலிடெக்னிக்கில் படித்த அண்ணன் தங்கைக்கு விட்டுப்போயிருப்பார். கோவிட் காலத்தில் வீட்டிலிருந்து படிக்க வேண்டும் என்று அவசர அவசரமாகச் செகண்ட் ஹேண்டில் வாங்கியதும் இருக்கும். இப்போது இவற்றில் ஒருவர் லினக்ஸ் போடுகிறார், இன்னொருவர் எப்படியாவது விண்டோஸ் 11ஐ ஏற்றிவிடுகிறார். ஏற்றுவது கடினமில்லை. யூஎஸ்பியில் போட்டு, ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று அழுத்தினால் முடிந்தது. தொல்லை அதற்குப் பிறகுதான் தலைகாட்டுகிறது.

சுங்கை வேயில் இருந்துகொண்டு இதை எழுத வேண்டியிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. 1970களில், சுதந்திர வர்த்தக வட்டாரச் சட்டம் வந்த சூட்டோடு, இந்த ஊரில் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. மோட்டோரோலாவின் சில்லுத் தொழிற்சாலை வந்தது. அந்தச் சில்லுப் பிரிவு 2004இல் ஃப்ரீஸ்கேல் என்று தனி நிறுவனமாகி, 2015 இறுதியில் என்எக்ஸ்பியோடு இணைந்தது. வெஸ்டர்ன் டிஜிட்டல் பெட்டாலிங் ஜெயாவில் ஹார்ட் டிஸ்க் தயாரித்தது; 2018இல் மூடும் அறிவிப்பு வந்து, அடுத்த ஆண்டோடு அந்த வேலை நின்றது. சிலாங்கூர்த் தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்பு நிலங்களாக மாறிய காலத்தில், பால்மரம் சீவிய குடும்பங்களின் பெண்பிள்ளைகள் தொழிற்சாலைப் பஸ் ஏறி இங்கே ஷிப்ட் வேலைக்கு வந்தார்கள். உலகின் கணினிகளுக்குள் இருக்கும் பொருளைக் கையால் தொட்டுச் சோதித்து அனுப்பிய ஊர் இது. அந்த அக்காமார்களின் வீட்டுக் கணினி இன்று சின்ன செட்டிங் கோளாறுக்காகக் குப்பைக்குப் போகிறது.

அவர்கள் வேலை செய்த லைனில் ஒரு ஒழுங்கு உண்டு. ஒவ்வொரு லாட்டோடும் ஒரு தாள் கூடவே போகும். எந்த நிலையத்தில் என்ன செய்யப்பட்டது, யார் செய்தார், என்ன தேறவில்லை என்று அதில் எழுதியிருக்கும். பழுது வந்தால் டெக்னீஷியன் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற மாட்டார். ஒன்றை மாற்றி, சோதித்து, எழுதி, பிறகுதான் அடுத்ததைத் தொடுவார். பழைய கணினியைச் சரிசெய்யத் தேவைப்படும் அறிவில் முக்கால் பங்கு இந்த ஒழுங்குதான்.

மென்பொருளைப் பற்றி முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். அதைச் செய்தவர்கள் எழுதிய நிரல் ஓரிடத்தில் இருக்கிறது. நாம் பயன்படுத்தப் பயன்படுத்தச் சேரும் விருப்பங்கள், கடவுச்சொற்கள், கடைசியாகத் திறந்த கோப்பு, எழுத்துரு, பிரிண்டர் பெயர் எல்லாம் வேறிடத்தில் இருக்கின்றன. விண்டோஸில் இவை ரெஜிஸ்ட்ரியிலும், ஆப்டேட்டா என்ற மறைந்திருக்கும் ஃபோல்டரிலும் சேர்கின்றன. ‘அன்இன்ஸ்டால்’ செய்தால் பெரும்பாலும் நிரல் மட்டுமே போகும், சேர்ந்தது தங்கிவிடும். இது யாருடைய கவனக்குறைவும் அல்ல. புதிய பதிப்பு வரும்போது உங்கள் விருப்பங்கள் தொலையக்கூடாது என்று வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். குடியிருந்தவர் காலி செய்துவிட்டுப் போனாலும் அவர் பெயருக்குத் தபால் வந்துகொண்டே இருக்குமே, அதுபோல. மறுபடி அதே மென்பொருளைப் போட்டால் அது அந்தப் பழைய செட்டிங்கைத் தேடிப் படிக்கிறது. அதில்தான் கோளாறு என்றால், கோளாறும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

“அண்ணே, மகன் அழிச்சி அழிச்சிப் போட்டுப் பாத்துட்டான். திரும்பவும் அதேதான் வருது. கம்ப்யூட்டர் போயிருச்சா?” என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் சோதனைக்குக் காசும் வேண்டாம், கருவியும் வேண்டாம். அந்தக் கணினியிலேயே புதிதாக ஒரு பயனர் கணக்கைத் திறந்து, அதற்குள் நுழைந்து, அதே மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். புதிய கணக்கில் ஒழுங்காக ஓடினால் நிரலிலும் கணினியிலும் பழுதில்லை. பழைய கணக்கின் செட்டிங்கில்தான் பழுது. புதியதிலும் ஓடவில்லை என்றால் சிக்கல் அதைவிட ஆழத்தில் இருக்கிறது, டிரைவரிலோ வன்பொருளிலோ தேட வேண்டும். இந்த ஒரு சோதனை தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும்.

பழைய செட்டிங்கில்தான் பழுது என்று தெரிந்துவிட்டால், ஆப்டேட்டாவுக்குள் இருக்கும் அந்த மென்பொருளின் ஃபோல்டரை அழிக்காதீர்கள். பெயரை மட்டும் மாற்றுங்கள். வால் பகுதியில் ‘பழசு’ என்று சேர்த்தாலே போதும். மென்பொருள் தன் செட்டிங்கைக் காணாமல் புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். நாளைக்கு ஏதாவது வேண்டுமென்றால் பழையது அப்படியே இருக்கும். ரெஜிஸ்ட்ரியை ஒரே அழுத்தில் சுத்தம் செய்வதாகச் சொல்லும் இலவசக் கருவிகளை நான் நம்புவதில்லை, யாருக்கும் பரிந்துரைப்பதும் இல்லை. எதை எடுத்தோம் என்று தெரியாமல் எடுப்பது வைத்தியமாகாது.

லினக்ஸுக்கு மாறியவர்களும் இதிலிருந்து தப்பவில்லை. டெபியன், உபுண்டு, மின்ட் வழிவந்தவற்றில் ஒரு தொகுப்பை ‘ரிமூவ்’ செய்தால் நிரல் போகும், எட்சி ஃபோல்டரில் உள்ள அமைவுக் கோப்புகள் தங்கும். அவையும் போக வேண்டுமென்றால் ‘பர்ஜ்’ செய்ய வேண்டும். டிபிகேஜி தரும் பட்டியலில் ‘ஆர்சி’ என்று குறியிட்ட வரிகள் எல்லாம் இப்படி நிரல் போய், அமைவு மட்டும் தங்கியவை. பர்ஜ் செய்தாலும் உங்கள் ஹோம் ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் பெயர்களோடு மறைந்திருக்கும் கோப்புகளை அது தொடாது. ஹோமைத் தனிப் பிரிவில் வைத்துக்கொண்டு சிஸ்டத்தை மட்டும் புதிதாக ஏற்றுவது நல்ல வழக்கம்தான். ஆனால் பல ஆண்டுச் செட்டிங் அத்தனையும் புது வீட்டுக்குள் வந்துவிடுகிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். இன்னொன்று: டெபியன் 13, 2025 ஆகஸ்டில் வந்தபோது 32 பிட் கணினிகளுக்கான இன்ஸ்டாலரை நிறுத்திவிட்டது. மிகப் பழைய கணினி என்றால் ஏற்றுவதற்கு முன்பே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பார்மட்டால் தீரவே தீராத சில தொல்லைகள் உண்டு. அவற்றில் முதலாவது கடிகாரம். மதர்போர்டில் சீஆர் 2032 என்ற நாணய அளவு பேட்டரி இருக்கும். பத்து ஆண்டு ஆன கணினியில் அது பெரும்பாலும் தீர்ந்துபோயிருக்கும். சுவிட்சை அணைத்துப் போட்டால் தேதி எங்கோ பல ஆண்டுகள் பின்னே போய்விடும். பாதுகாப்பான இணையத்தளம் ஒவ்வொன்றும் காட்டும் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினியின் தேதி அதற்கு வெளியே இருந்தால் பிரவுசர் ‘இந்தத் தளம் பாதுகாப்பானதல்ல’ என்று மறித்துவிடும். வங்கித் தளம் திறக்காது, பள்ளித் தளம் திறக்காது, அப்டேட்டும் இறங்காது. வைரஸ் என்று பயந்து பார்மட் அடிப்பார்கள். அடித்த பிறகும் அதேதான் நிகழும். சில வெள்ளிக்குக் கடையில் கிடைக்கும் பேட்டரியை மாற்றி, பயாஸில் தேதியைச் சரிசெய்தால் எல்லாம் திறக்கும்.

விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருந்தால் நேரம் சரியாக எட்டு மணி நேரம் முன்னும் பின்னும் ஓடுவதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். விண்டோஸ் உள்ளூர் நேரத்தை வன்பொருள் கடிகாரத்தில் எழுதுகிறது. லினக்ஸ் அதை உலகப் பொது நேரமாகப் படிக்கிறது. மலேசிய நேரம் பொது நேரத்துக்கு எட்டு மணி முந்தியது. இரண்டில் ஒன்றை மற்றதன் வழக்கத்துக்கு மாற்றினால் போதும். அதேபோல, விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ போட்டிருந்தால் அது முழுதாக அணைவதே இல்லை. பாதி உறக்கத்தில் இருக்கிறது. லினக்ஸிலிருந்து அந்தப் பிரிவுக்குள் போனால் படிக்கலாம், எழுத முடியாது. ஹார்ட் டிஸ்க் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

பிரவுசர் இன்னொரு வகை. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுவிட்டு, குரோமில் பழைய கூகுள் கணக்கோடு நுழைந்த மறுநிமிடம், சிங்க் வழியே பழைய எக்ஸ்டென்ஷன்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். தொல்லை தந்ததும் அதில் இருக்கும். பழைய ஆன்டிவைரஸின் மிச்சங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: அதைச் செய்த நிறுவனமே நீக்கும் கருவியைத் தனியாகத் தரும், அதைத்தான் பயன்படுத்த வேண்டும். எது எது கணினியோடு சேர்ந்து தானாக எழுகிறது என்று முழுதாகப் பார்க்க மைக்ரோசாப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் ஆட்டோரன்ஸ் என்ற இலவசக் கருவி இருக்கிறது. டிக்கை எடுத்தால் நிற்கும், திரும்பப் போட்டால் ஓடும். நீக்கிப் பார்க்காமல் நிறுத்திப் பார்க்க வழி தருவதால் எனக்கு அதன் மேல் தனி மதிப்பு.

நான் அதிகம் கவலைப்படுவது தமிழ் மிச்சங்களைப் பற்றி.

கணினித் தமிழுக்கு மலேசியா பின்வரிசையில் நின்ற நாடு அல்ல. முத்து நெடுமாறன் 1980களின் நடுவிலேயே முரசு மென்பொருளைத் தொடங்கினார். பிறகு முரசு அஞ்சல் உலகத் தமிழர் பலரின் கணினிகளில் ஏறியது. 1990களின் பிற்பாதியில் பல நாட்டுத் தமிழர்கள் இணையவழி விவாதித்து டிஸ்கி குறியீட்டை உருவாக்கினார்கள். 1999இல் சென்னை மாநாடு தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் குறியீடுகளையும் தந்தது. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே நடந்தது. தமிழ்நாடு அரசு யூனிகோடை அதிகாரபூர்வமாக ஏற்றது 2010இல். இடைப்பட்ட ஆண்டுகளில் கோயில் நிர்வாகக் கூட்டக் குறிப்பு, பெற்றோர் ஆசிரியர் சங்கச் சுற்றறிக்கை, தமிழ்ப்பள்ளித் தேர்வுத்தாள், திருமண அழைப்பு, சிறுகதை என்று எத்தனையோ, ஒவ்வொருவரும் அவரவர் எழுத்துருவில் தட்டி வைத்தார்கள். பிரிக்பீல்ட்ஸ் அச்சகங்களிலும் கிள்ளான் சங்கங்களின் அலமாரிகளிலும் தூங்கும் கணினிகளில் அவை இன்னும் கிடக்கலாம்.

இந்தக் கோப்புகளுக்கு எழுத்துருதான் திறவுகோல். டிஸ்கி போன்ற குறியீடுகள், ஐரோப்பிய மொழிகளின் கூடுதல் எழுத்துகளுக்கு ஒதுக்கிய இடங்களில் தமிழை உட்காரவைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தலையில் கோடும் கொம்பும் வைத்த ரோமன் எழுத்துகள் மட்டுமே தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடுவார்கள். எந்த எழுத்துருவில் தட்டியது என்ற பெயர் தெரிந்தால் குறியீடு எதுவென்று தெரியும். குறியீடு தெரிந்தால் யூனிகோடுக்கு மாற்ற மாற்றிகள் உண்டு. பார்மட் அடித்தால் எழுத்துரு போகும். வேர்ட் கோப்பிலாவது எழுத்துருவின் பெயர் மிஞ்சும். நோட்பேடில் வைத்ததற்கு அதுவும் இல்லை.

மறுபக்கத் தொல்லையும் உண்டு. பழைய எழுத்துருவும் பழைய விசைப்பலகை மென்பொருளும் போகாமல் தங்கி, புதியதைக் கெடுப்பது. விண்டோஸிலேயே இப்போது தமிழ் விசைப்பலகை இருக்கிறது. பழைய தட்டச்சு மென்பொருள் ஸ்டார்ட்டப்பில் ஒளிந்திருந்தால் ஒரே விசையை இரண்டும் மாற்றப் பார்க்கும். திரையில் குப்பை விழும். ஒன்றை நிறுத்துங்கள். வேர்டில் ‘நார்மல்’ என்ற அடிப்படை வார்ப்புருவில் யாரோ எப்போதோ பழைய எழுத்துருவைப் பதித்து வைத்திருப்பார்கள். ஒவ்வொரு புதுப்பக்கமும் அதோடுதான் திறக்கும். ஆபீஸை நீக்கிப் போட்டாலும் அந்த வார்ப்புரு பயனர் ஃபோல்டரில் தங்கிவிடும். அதன் பெயரை மாற்றினால் வேர்ட் புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். தமிழின் அளவை மாற்றினாலும் மாறவில்லை என்றால், ஃபான்ட் பெட்டியில் ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்’ என்ற தனிப்பகுதியைப் பாருங்கள். தமிழுக்கு உரிய எழுத்துருவும் அளவும் அங்கேதான் இருக்கின்றன.

லதா எழுத்துருவில் செய்த பழைய தேர்வுத்தாள் புதுக் கணினியில் பக்கம் தாண்டி ஓடுவதாக ஆசிரியர்கள் சொல்வதுண்டு. விண்டோஸ் 10 முதல் லதா தானாக எல்லாக் கணினியிலும் வருவதில்லை. தமிழ்த் துணை எழுத்துருக்கள் என்ற விருப்பத் தொகுப்பில் இருக்கிறது. அதைச் சேர்த்தால் தாள் பழைய அமைப்புக்குத் திரும்பும். லினக்ஸில் ஐபஸ் வழியாகத் தமிழ்99 தட்டலாம். தட்டச்சு எழவே இல்லை என்றால், பழைய ஹோம் ஃபோல்டரின் மறைகோப்பு ஒன்றில் முந்தைய உள்ளீட்டு முறையின் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள்.

பார்மட் எப்போதுமே தவறு என்று நான் சொல்லவில்லை. வைரஸ் ஆழமாகப் புகுந்துவிட்டால், அல்லது முன்பின் தெரியாதவரிடம் வாங்கிய கணினி என்றால், முழுதாக அழித்துத் தொடங்குவதுதான் பாதுகாப்பு. கடைக்காரர்களைக் குறைசொல்லவும் மனமில்லை. லோயாட்டிலோ செக்‌ஷன் 14இலோ ஒரு வேலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். பார்மட் அடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். எஞ்சிய ஒரு செட்டிங்கைத் தேட எவ்வளவு நேரம் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. தேடுகிற நேரத்துக்குக் காசு கொடுக்க நாமும் தயாராக இல்லை.

அதனால்தான் இது தனிக்கடையின் வேலையாக மட்டும் இருக்கக்கூடாது என்கிறேன். தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் கீழ் நாடெங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட நாடி மையங்கள் இருக்கின்றன. இணைய வணிகம் முதல் பல பயிற்சிகள் அங்கே நடக்கின்றன. அவற்றில் வாரத்துக்கு ஒரு மாலை, பழைய கணினிகளுக்கென்று ஒரு மேசை போட முடியும். சுங்கை வே லைன்களில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வுபெற்றவர்களையும், ஆலை மூடியபோது வேலை இழந்தவர்களையும் அந்த மேசைக்கு அழைக்க வேண்டும். தொண்டாக அல்ல, சம்பளம் கொடுத்து. 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளின் வாரியங்களும் பெற்றோர் சங்கங்களும் தங்கள் கணினி ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் ஒட்டட்டும்: என்ன ஏற்றினோம், எப்போது ஏற்றினோம், எதை நிறுத்தினோம், எந்தத் தமிழ் எழுத்துரு இருந்தது.

தூக்கிப் போட்டவை எங்கே போகின்றன என்பதையும் யோசிக்க வேண்டும். மலேசியச் சட்டத்தில் மின்னணுக் கழிவு எஸ்டபிள்யூ 110 என்ற குறியோடு அட்டவணைக் கழிவாக வகுக்கப்பட்டிருக்கிறது. கண்ட இடத்தில் கொட்டக்கூடாது. 2022இல் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது என்றும், அதில் 22.3 விழுக்காடுதான் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது என்றும் ஐநா அமைப்புகளின் அறிக்கை சொல்கிறது. வெளிநாட்டுக் கழிவு நிறைந்த கொள்கலன்கள் கிள்ளான் துறைமுகத்தில் பிடிபடும் செய்தியைப் படித்துக் கொதிக்கிறோம். ஓடக்கூடிய கணினியை நாமே அந்தக் குவியலில் சேர்க்கலாமா?

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள், கை சும்மா இருக்கும். சங்கத்துக் கணினியையோ வீட்டுக் கணினியையோ புதுப்பிக்கும் எண்ணம் இருந்தால், இன்ஸ்டாலர் யூஎஸ்பியைச் செருகுவதற்கு முன், விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரைத் திறந்து அதிலுள்ள பழைய தமிழ் எழுத்துருக்களை ஒரு பென்டிரைவில் படியெடுங்கள். அவற்றின் பெயரை ஒரு தாளிலும் எழுதுங்கள். ஆவணங்களையும் அதே பென்டிரைவில் சேருங்கள். பிறகு யூனிகோடுக்கு மாற்றத் தொடங்குங்கள். மாற்றியவுடன் ஒகர, ஓகார எழுத்துகளை ஒருமுறை கண்ணால் படித்துப் பார்க்க வேண்டும். பழைய குறியீட்டில் கொம்பு எழுத்துக்கு முன்னே நிற்கும், யூனிகோடில் பின்னே சேரும், அங்கேதான் அதிகம் தவறும். ஔகாரத்தையும் பாருங்கள்; ளகரமும் அந்தக் குறியும் ஒரே தோற்றம் என்பதால் பலர் ளகரத்தையே தட்டியிருப்பார்கள். மாற்றி முடித்த பிறகும் மூலக் கோப்பை அழிக்க வேண்டாம். எங்கேனும் ஒரு சொல் புரியாமல் போனால் அதைப் பழைய எழுத்துருவில் திறந்து பார்த்துத்தான் திருத்த முடியும்.